வார்னமுண்டே கலங்கரை விளக்கத்தின் உச்சியில்

வணக்கம் நண்பர்களே! காற்று இரைச்சல் பலமாகக் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வடக்கு ஜெர்மனியில், பால்டிக் கடலோரம் வார்னமுண்டேயில் நிற்கிறேன். வார்னோ ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் இது. ஊர்ப் பெயருக்கே அதுதான் பொருள். ஒரு காலத்தில் மீனவக் கிராமம், இப்போது ரோஸ்டாக் நகரத்தின் ஒரு பகுதி.

இதோ, 1898 முதல் வெளிச்சம் தந்துகொண்டிருக்கும் கலங்கரை விளக்கம். சுமார் 37 மீட்டர் உயரம். இந்த வெள்ளை நிறம் சுண்ணாம்போ பெயின்டோ இல்லை. மெருகு பூசிச் சுட்ட செங்கல். தொட்டுப் பார்க்கிறேன், பீங்கான் கோப்பை மாதிரி வழுவழுவென்று இருக்கிறது! அத்தனை வருட உப்புக் காற்றில் நின்ற சுவர் என்று நம்பவே முடியவில்லை.

பக்கத்தில் அலைபோல் வளைந்த கூரையோடு இருப்பது டீபாட் கட்டடம். உல்ரிஷ் மூதர் என்ற பொறியாளர் 1960களில் அமைத்த கான்கிரீட் கூரை அது.

சரி, ஏறலாம். சுழல் படிக்கட்டு, 135 படிகள். கோடைக்காலத்தில்தான் திறந்திருக்கும்.

அப்பா... வந்தாச்சு! மேலே வந்ததும் எல்லோரும் கடலைத்தான் படம் எடுக்கிறார்கள். நீங்கள் என்னோடு ஊர்ப்பக்கம் திரும்புங்கள். கீழே இரண்டு நீர்வழிகள் தெரிகின்றனவா? ஒடுக்கமாக இருப்பது ஆல்டர் ஷ்ட்ரோம், பழைய வழி. 1903 வரை பெரிய கப்பல்களும் இதன் வழியாகத்தான் உள்ளே போயின. டென்மார்க்கின் கெட்ஸருக்கு ரயில் பெட்டிகளையே ஏற்றிச் செல்லும் கப்பல் விட முடிவானபோது, கிழக்கே அகலமான புதிய வழியை வெட்டினார்கள். பழையது மீன்பிடிப் படகுகளுக்கும் பாய்ப்படகுகளுக்கும் மிஞ்சியது. கப்பல்கள் தள்ளிப் போனதால்தான் இந்தக் கரையின் பழைய முகம் தப்பித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குறுகலான வீடுகளைப் பாருங்கள், எல்லாம் மீனவர் வீடுகள். முகப்பில் கண்ணாடித் தாழ்வாரம் தெரிகிறதா? கோடையில் கடலில் குளிக்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கியதும் சேர்த்துக் கட்டியவை. முன்பக்க அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பம் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். மீன் குறைந்த நாளிலும் அடுப்பு எரிந்திருக்கும் இல்லையா? அந்தக் கண்ணாடிகளைப் பார்த்தால் எனக்கு அந்த வீட்டுப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஓ, அங்கே பாருங்கள்! ஒரு சின்னப் படகு பழைய வழியில் நுழைகிறது, பின்னாலேயே கடற்காகங்கள். இங்கே படகிலிருந்தே மீன் விற்பார்கள். அதைக் கரையில் கட்டுவதற்குள் கீழே போய்விட வேண்டும், வாருங்கள்!