மலைநாட்டு வீதியில் நடுத்தர எஸ்.யூ.வி.யும் ஒரு டிரெய்லரும்

வணக்கம் உறவுகளே. லபுக்கலைக்குக் கிட்ட வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுகிறேன். பின்னால் தெரிவது என் வண்டி, அதன் பின்னால் ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லர். நானுஓயாவில் ஏற்றிக்கொண்டு புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போகிறோம். பூசைக்கு முன் லைட் எரிய வேண்டும். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கராஜுக்குப் போனாலும் தேநீர்க் கடைக்குப் போனாலும் ஒரே பேச்சு: பிராடோவோ மொன்டேரோவோ இல்லாமல் இந்த மலையில் டிரெய்லர் இழுக்க முடியாது. நான் ஓட்டுவது 2.2 லீற்றர் டர்போ டீசல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், நடுத்தர ரகம். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். சொன்னால் நாளை முழுவதும் அந்தச் சண்டையைத்தான் தீர்த்துவைக்க வேண்டியிருக்கும். பெரிய வண்டி நல்ல வண்டிதான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதற்குள் ஏறிய விலையில், ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் பிராடோ வாங்கினால் வாழ்நாள் முழுவதும் பிராடோவுக்குத்தான் உழைக்க வேண்டும். அதோடு லயத்து வாசல் வரை போகிற தோட்டத்து வீதியில் அகலமான வண்டியைத் திருப்புகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

முதலில் எடைக் கணக்கு. எக்ஸ்-டிரெயில், அவுட்லேண்டர் பி.எச்.ஈ.வி. (மின்சாரம் ஏற்றி ஓட்டும் ஹைபிரிட்) போன்றவற்றின் முந்தைய மொடல்களுக்கு அவுஸ்திரேலியாவில் கொடுத்த இழுவை எல்லை 1,500 கிலோ அளவு. கொஞ்சம் பெரிய டீசல் வண்டிகளுக்கு 2,000 கிலோ. மொன்டேரோ அங்கே பஜேரோ என்ற பெயரில் விற்கப்பட்ட காலத்தில் அதன் எல்லை 3,000 கிலோ. அந்த மொன்டேரோவே 2000ஆம் ஆண்டுக் காலத்திலிருந்து தனிச் சட்டகம் (சேசிஸ்) இல்லாமல், பாடியோடு சேர்ந்த சட்டகத்தில்தான் வந்தது. ஆகவே சேசிஸ் இல்லாத வண்டி இழுக்காது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் டிரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் இருந்தால்தான். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் இந்த ரக வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 750 கிலோதான் எல்லை. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டியின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும், நாமும் அதைத் திறப்பதில்லை. அதே மொடலுக்கு, அதே இன்ஜினுக்கு, அதே கியர்பெட்டிக்கு வேறு நாட்டில் என்ன எல்லை கொடுத்திருக்கிறார்கள் என்று தேடி எடுங்கள்.

என்னுடைய டிரெய்லர், ஜெனரேட்டர், வயர்ச் சுருள்கள் எல்லாம் சேர்ந்து 950 கிலோ அளவில் வரும். வண்டியின் எல்லையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதிக் கணக்கு எந்தக் கையேட்டிலும் கிடையாது, நானாகப் போட்டுக்கொண்டது. மட்டக்களப்புப் பக்கம் சமவெளியில் ஓடுகிறவர் முக்கால் வரைக்கும் போகலாம். நுவரெலியாவில் நான் போகமாட்டேன்.

பொறுங்கள், பஸ் வருகிறது. இந்த ஹோர்ன் ஓயட்டும்.

ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏற்றம் சுலபம். நூறு மீற்றருக்கு ஏழு மீற்றர் உயரும் வீதியில் வண்டி, டிரெய்லர், ஆட்கள் என்று 3,100 கிலோவை ஏற்ற வேண்டுமானால், 217 கிலோ எடையை நேராகத் தூக்கிப் பிடிக்கிற பலம் தேவை. டர்போ டீசலுக்கு இது பெரிய வேலை இல்லை. டர்போ இல்லாத பெற்றோல் இன்ஜின் ஆயிரம் மீற்றர் ஏறும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவுக்கு வரும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். டர்போ அந்தக் குறையைப் பெருமளவு நிரப்பிவிடுகிறது. ஏற்றத்தில் கவனிக்க வேண்டியது சூடு ஒன்றுதான். ஆட்டோமேட்டிக் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மாறி மாறித் தடுமாறினால் கியர் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகும். மனுவல் பக்கம் தள்ளி மூன்றிலேயே வைத்துவிடுங்கள். சி.வி.டி., அதாவது கியர்ப் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். சூடு ஏறினால் அது தானாகவே வலுவைக் குறைத்துக்கொள்ளும், வளைவில் பின்னால் லொறி நிற்கும்போது. கியர் எண்ணெயை மாற்றச் சொன்ன தூரத்தில் பாதியிலேயே நான் மாற்றிவிடுகிறேன்.

இனி இறக்கம். இங்கேதான் எனக்கும் அந்தத் தேநீர்க் கடைக்காரர்களுக்கும் வழக்கு. அவர்கள் இன்ஜினைப் பற்றியே பேசுகிறார்கள், பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 3,100 கிலோ ஆயிரம் மீற்றர் கீழே இறங்குகிறது. அந்த வேகத்தை எல்லாம் பிரேக்கே பிடித்து நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், அதில் பிறக்கும் சூடு ஏறக்குறைய 90 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அன்னதானத்துக்கு ஏற்றும் பெரிய அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நெருப்பு முழுவதும் வண்டியிலும் டிரெய்லரிலும் உள்ள சில்லுகளுக்குள் இருக்கிறது.

இதைத் தாங்குவதற்கு இன்ஜினைத்தான் வேலை வாங்க வேண்டும். இங்கிருந்து இறம்பொடைக்கு இறங்கும்போது இரண்டு அல்லது மூன்றாம் கியர், மணிக்கு 30 கிலோமீற்றர் அளவு. இன்ஜின் கத்தும், கத்தட்டும். காலைப் பிரேக்கிலேயே ஊன்றிக்கொண்டு வரக் கூடாது. வேகம் கூடினால் அழுத்தமாக ஒரு பிடி, பிறகு விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் பிரேக் தட்டு ஆறுகிறது. பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிப்பார். இடம் கிடைத்தால் ஒதுங்கி வழி விடுங்கள், ரோசப்பட்டு வேகத்தைக் கூட்டாதீர்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற ரக எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த உத்தரவாதம் 155 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், மிதித்த கால் நேரே தரைக்குப் போகும். மூடுபனியும் மழையுமாக இருக்கிற ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது அதை மாற்றுங்கள். நானுஓயா ரதெல்லை குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வானோடு மோதி ஏழு பேர் உயிரிழந்தது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீதியில் டிரெய்லரோடு நான் இறங்குவதில்லை. சுற்றிப் போனால் டீசல்தான் போகும்.

இப்போது கெமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இதுதான் டிரெய்லரைக் கொழுவுகிற 50 மில்லிமீற்றர் உருண்டை. மேலே கிரீஸ் பூசியிருக்கிறேன். கீழே இரண்டு சங்கிலிகள், ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போகின்றன. கொழுவி கழன்றால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் இந்தச் சங்கிலிகளின் மேல் விழும். பக்கத்தில் இருக்கும் மெல்லிய கம்பி, டிரெய்லர் முழுவதும் பிரிந்து போனால் அதன் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும். இந்தக் கொழுவிக்குள் ஒரு தண்டு இருக்கிறது. வண்டி வேகத்தைக் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளுதலே தண்டை அமுக்கி டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். வயரும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.

மூக்கின் எடையும் முக்கியம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு உருண்டையின் மேல் இருந்தால் நல்லது. உங்கள் உருண்டைக்குக் கொடுத்த எல்லையையும் தாண்டக் கூடாது. பின்னால் பாரம் கூடி மூக்கு இலேசாகிவிட்டால், இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். மூக்கின் எடையை நான் கொழுந்து மடுவத்தில் நிறுத்துப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கேட்டு, கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசில் மூக்கைக் கொழுவினோம். 60 கிலோதான் காட்டியது. ஜெனரேட்டரைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போல்ட் போட்டதும் 90 வந்தது. கொழுந்து போடவந்த அக்காமார் ஜெனரேட்டருக்கு எவ்வளவு கூலி என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் எப்போதும் உள்பக்கம் வெட்டும். வண்டியின் சில்லு வீதியில் இருக்கும், டிரெய்லரின் சில்லு கானுக்குள் இருக்கும். முன்பக்கத்தை நன்றாக வெளியே விட்டுத்தான் திருப்ப வேண்டும். எதிரே பஸ் வந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். ரிவேர்ஸ் எடுக்கும்போது கையை ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கம் வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கை போனால் போதும். கூட வருகிற தம்பி சில்லுக்கு அணை வைக்கும் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இறங்குவான். மேட்டில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை, கட்டை விழுந்த பிறகுதான் நான் காலை எடுப்பேன்.

டிரெய்லருக்கும் இலக்கத் தகடு, லைட் எல்லாம் வேண்டும். காப்புறுதிக்காரரிடமும் டிரெய்லர் இழுக்கிறேன் என்று எழுத்தில் சொல்லிவையுங்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசினால் தூக்கம் வரும்.

கடைசியாக, நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் டிரெய்லர் சில்லின் நடுவில் இப்படிப் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை தாங்காத சூடு என்றால் பெயரிங் போகிறது, அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது. திருவிழா முடிந்து வந்ததும் அதைக் கழற்றுவேன், அடுத்த காணொளியில் பார்க்கலாம். வரட்டுமா?