சீருடைக் கடை மாடியில் ஓர் ஆல்பம்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் ஆல்பம் போடும் ராக் குழுக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்துக் குழுக்களைத் தொட்டுவிட்டுப் போவதைவிட, ஒரே குழுவின் ஒரே ஆல்பத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். குழுவின் பெயர் டிரைவ்-பை டிரக்கர்ஸ். ஆல்பம், 'சதர்ன் ராக் ஆபரா'. கன்ட்ரி, புளூஸ், கோஸ்பல், ராக் எல்லாம் கலந்து, சொந்த ஊர்க் கதையைச் சொந்த ஊர்ப் பேச்சிலேயே பாடுகிற இசையை இன்று அமெரிக்கானா என்கிறார்கள். அந்த இசையில் எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் இது.

பேட்டர்சன் ஹூட், மைக் கூலி. இந்த இருவர்தான் குழுவின் ஆணிவேர். இருவருக்கும் வடக்கு அலபாமாவில், டென்னசி ஆற்றங்கரையில் மசில் ஷோல்ஸ் பகுதி. 1985இல் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். ஆடம்ஸ் ஹவுஸ் கேட் என்ற முதல் குழு ஒரு ஆல்பத்தைப் பதிவும் செய்தது; ஆனால் அது வெளிவராமலே குழு கலைந்துவிட்டது. பிறகு 1996இல் ஜார்ஜியா மாநிலத்து ஏதன்ஸ் நகரில் டிரக்கர்ஸ் பிறந்தது. வேனில் ஊர் ஊராகப் போய் மதுக்கடைகளில் வாசித்துப் பிழைத்தார்கள். ஒரு ஆல்பத்தை ஹூட்டின் வீட்டிலேயே பதிவு செய்தார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு வந்த ஆசையைப் பாருங்கள். 20 பாட்டு, இரண்டு தட்டு, மூன்று கிட்டார். எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்த லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் கதையை, ஒரு கற்பனைக் குழுவின் கதையோடு பின்னிச் சொல்ல வேண்டும். ஸ்கினர்ட் குழுவினர் போன விமானம் 1977 அக்டோபர் 20 அன்று எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பிக் காட்டில் விழுந்தது. பாடகர் ரோனி வான் சான்ட் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில்தான் ஆல்பம் முடிகிறது.

இதற்கு யார் பணம் கொடுப்பார்கள்? குழுவே ஒரு வழி கண்டுபிடித்தது. நண்பர்கள், உறவினர்கள், நிகழ்ச்சிக்கு வரும் ரசிகர்கள் ஆகியோரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார்கள். இணையத்தில் கூட்டு நிதி திரட்டுவதெல்லாம் பழக்கத்துக்கு வராத காலம் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சுதந்திரமான குழு என்றால் யாருக்கும் கடன்படாத குழு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரிய கம்பெனி கொடுக்கும் முன்பணமும் கடன்தான். அதைக் குழுவின் ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்வார்கள். முழுக்கக் கழித்த பிறகும், பெரும்பாலான ஒப்பந்தங்களில், மூல ஒலிப்பதிவு கம்பெனிக்கே சொந்தம். கடனை அடைத்தாலும் வீடு கைக்கு வராது. ரசிகரிடம் எழுதிக் கொடுத்த நோட்டில் அசலும் வட்டியும் அடைந்தால் கணக்கு முடிந்தது. பாட்டு பாடியவனிடமே இருக்கும். இந்தப் பாட்டு நீளம், அந்த வரி வேண்டாம் என்று சொல்ல யாரும் வர மாட்டார்கள். யாரிடம் கடன் வாங்குகிறோம் என்பதில்தான் ஒரு கலைஞனின் சுதந்திரம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் பதிவு. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், சீருடை விற்கும் கடை ஒன்றின் மாடி. செப்டம்பர் தொடக்கம், வெயில் கொளுத்துகிறது, ஏசி கிடையாது. கீழே கடை நடக்கும் என்பதால் மாலையில் ஆரம்பித்து விடிய விடிய வாசித்தார்கள். ஃபேன் இருந்தது. ஆனால் அதன் இரைச்சல் மைக்கில் ஏறிவிடுமே, அதனால் பதிவு ஓடும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும். சூடு ஏறினால் கிட்டார் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். ஆம்ப்ளிஃபயர் வால்வுகள் வேறு அறையை இன்னும் சூடாக்கும். ஒரு பாட்டை வாசித்து முடித்துவிட்டுத்தான் காற்று வாங்க முடியும். அந்த ஆல்பத்தில் ஒரு வேர்வை வாடை இருக்கிறது என்பேன். கிட்டார்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வருகின்றன, குரல் கரகரக்கிறது. அதையெல்லாம் வழவழப்பாக்க அவர்கள் முயலவில்லை.

பதிவு செய்த ஊரும் சாதாரண ஊர் இல்லை. 1963 செப்டம்பரில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றது இதே பர்மிங்ஹாமில்தான். இனப்பிரிவினையைத் தூக்கிப் பிடித்த ஜார்ஜ் வாலஸ் அப்போது மாநில ஆளுநர். இந்த ஆல்பத்தில் வாலஸ் செத்து நரகத்துக்குப் போகிறார். வரவேற்கச் சாத்தான் காத்திருக்கிறான். தென்மாநிலத்தில் பிறந்த வெள்ளைக்காரப் பையன்கள் எழுதிய பாட்டு அது.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஹூட்டின் வீட்டிலேயே விடை இருக்கிறது. அவருடைய அப்பா டேவிட் ஹூட், மசில் ஷோல்ஸ் ரிதம் செக்‌ஷன் என்ற நால்வர் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர். மற்றவர்களின் பதிவுகளுக்குப் பின்னணி வாசிக்கும் குழு அது. அந்த வெள்ளைக்காரர்கள் நால்வரும் 1969இல் ஜாக்சன் நெடுஞ்சாலையில் சொந்தமாக ஸ்டுடியோ திறந்தார்கள். ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பக் குழு 1972இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டில் வரும் பேஸ் டேவிட் ஹூட்டின் விரல்கள்தான். ஆளுநர் பிரித்து வைக்கப் பார்த்தவர்கள் ஸ்டுடியோவுக்குள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். ஸ்கினர்ட் குழுவும் ஆரம்ப காலத்தில் அங்கே பதிவு செய்திருக்கிறது. அவர்களுடைய புகழ்பெற்ற அலபாமா பாட்டில் அந்த ஸ்டுடியோக் கலைஞர்களைப் பெயர் சொல்லிப் புகழ்கிறார்கள். அப்பாவைப் பாட்டில் வைத்த குழுவைப் பற்றி மகன் ஆல்பம் போடுகிறார்! ஊர்ப்பாசம், வெட்கம் இரண்டையும் ஒளிக்காமல் ஒரே தட்டில் வைக்க அவரால் முடிந்ததற்கு இந்த வளர்ப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆல்பத்தைக் குழுவே வெளியிட்டது 2001 செப்டம்பர் 12. நியூயார்க் கோபுரங்கள் விழுந்த மறுநாள். விமான விபத்தில் முடியும் ஆல்பத்துக்கு இதைவிட மோசமான நாள் அமையாது. ஆனாலும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2002இல் லாஸ்ட் ஹைவே என்ற பெரிய கம்பெனிக் கிளை அதை மறுவெளியீடு செய்தது. சரி, கரை சேர்ந்துவிட்டார்கள் என்று பார்த்தால், அடுத்த ஆல்பத்தில் அந்தக் கம்பெனியோடு ஒத்துப்போகவில்லை. அந்த ஆல்பத்தை மீட்டுக்கொண்டு வெளியே வந்து, நியூ வெஸ்ட் என்ற சிறிய நிறுவனத்தின் வழியாக 2003இல் வெளியிட்டார்கள். அதுதான் 'டெக்கரேஷன் டே'. அதில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஜேசன் இஸ்பெல், பின்னாளில் சொந்த நிறுவனம் தொடங்கி அமெரிக்கானாவுக்காக கிராமி விருதும் வாங்கினார்.

முதல் குழுவின் வெளிவராத ஆல்பத்தைச் சொன்னேன் இல்லையா? 1990இல் பதிவு செய்தது. 2018இல் அதையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று: தனித்தனிப் பாட்டாகப் பொறுக்காதீர்கள். இரண்டு தட்டையும் வரிசை மாற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். கொஞ்சம் சத்தமாகவே வைத்துக் கேளுங்கள்.

நன்றி.