எராஸ்மஸின் மோதிரத்தில் இருந்த எல்லைத் தெய்வம்

[திரையில்: மோதிரக் கல், மிக அருகில்]

1509, இத்தாலி. மறுமலர்ச்சிக் கால டச்சு அறிஞர் ராட்டர்டாம் எராஸ்மஸுக்கு அவருடைய மாணவர் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் ஒரு பழைய மோதிரக் கல்லைப் பரிசளிக்கிறார். மாணவர் ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸின் மகன். கல்லில் ஓர் உருவம். அது டெர்மினஸ் என்றார்கள். ரோமானியர்களின் எல்லைக்கல் தெய்வம் அவர். தலைமைக் கடவுள் ஜூபிடருக்குக் கோயில் கட்ட மற்ற தெய்வங்கள் இடம் விட்டபோதும் இவர் நகரவே இல்லை என்பது பழங்கதை.

எராஸ்மஸ் அதையே தன் முத்திரையாக்கி, 'யாருக்கும் விட்டுக்கொடேன்' என்ற வாசகத்தையும் சேர்த்தார். கல்லில் இருப்பது கிரேக்கர்களின் மதுக் கடவுள் டயோனிசஸ் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். இருக்கட்டும். அடையாளம் அதற்குள் வேரூன்றிவிட்டது.

[திரையில்: வெண்கலப் பதக்கம், முன்புறம், பிறகு பின்புறம்]

1519இல் ஃபிளாண்டர்ஸ் ஓவியர் குவின்டன் மாசிஸ் வார்த்த பதக்கம் இது. முன்னால் எராஸ்மஸின் முகம், பின்னால் டெர்மினஸ். வந்தது வம்பு. 'யாருக்கும் விட்டுக்கொடேன் என்றால் என்ன திமிர்!' என்று எதிரிகள் பாய்ந்தார்கள். 1528இல் ஒரு கடிதத்தில் எராஸ்மஸ் பதில் சொன்னார்: அப்படிப் பேசுவது நான் இல்லை, மரணம். சமாளிப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பதக்கத்தின் விளிம்பிலேயே ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் வரி இருக்கிறது: 'எல்லாவற்றுக்கும் கடைசிக் கோடு மரணம்.' நிலத்தின் எல்லை வாழ்வின் எல்லையாகிவிட்டது.

[திரையில்: டியூரரின் செப்புத்தகட்டு ஓவியம், 1526]

ஜெர்மன் ஓவியர் டியூரர் இதே பதக்கத்தின் முன்பக்கத்திலிருந்து ஒரு கிரேக்க வாசகத்தை எடுத்துக்கொண்டார்: 'இவரை இன்னும் நன்றாகக் காட்டுவது இவருடைய எழுத்துகளே.' தெய்வத்தை விட்டுவிட்டார். அதற்குப் பதில் புத்தகங்கள், பூச்சாடி, இடது கையில் மைக்கூடு. செப்பில் உளி இழுத்த கோடுகளை அங்கியின் மடிப்புகளில் பாருங்கள், அபாரம். ஆனால் முகம் அவ்வளவாக ஒத்துவரவில்லை. எராஸ்மஸே அதைச் சொல்லியிருக்கிறார்.

[திரையில்: ஹோல்பைனின் மரச்செதுக்கு அச்சுப்படம், 1530கள்]

அப்புறம் இன்னொரு ஜெர்மன் ஓவியர், ஹோல்பைன். என் பார்வையில் தெய்வத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் இவர்தான். அலங்கார வளைவின் கீழ் எராஸ்மஸ் நிற்கிறார்; வலது கை டெர்மினஸின் தலைமேல். அந்தத் தெய்வம் மரணம் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், இது திமிர் பிடித்தவரின் கை இல்லை. அதனோடு பழகிவிட்டவரின் கை.

எராஸ்மஸ் 1536இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இறந்தார். அங்குள்ள பேராலயத்தில் அவருடைய நினைவுக்கல்லில் செதுக்கியிருப்பதும் டெர்மினஸைத்தான்.