வால் வீடியோ இல்லை இந்த முறை: பாலமீன்மடுக் கண்டலுக்குள் ஒரு காலை

வணக்கம் எல்லோருக்கும். சத்தம் குறைவாகக் கேட்டால் உங்கள் போனில் பிழை இல்லை, நான்தான் மெதுவாகப் பேசுகிறேன். நேரம் ஆறு மணி ஆகப் போகிறது. எனக்குப் பின்னால் உயர்ந்து நிற்பது மட்டக்களப்பின் பாலமீன்மடு வெளிச்சவீடு. 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். பின்னேரம் வந்தால் இங்கே குடும்பம் குடும்பமாக ஆட்கள் இருப்பார்கள். இப்போது நானும் இரண்டு நாய்களும்தான்.

போன தடவை இதே இடத்திலிருந்து எஞ்சின் போட்டில் போய் ஒரு வீடியோ போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்று மணி நேரம் எடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், எந்தப் பறவைக்கும் முகம் இல்லை. எல்லாம் பறந்து போகிற முதுகும் வாலும். அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "தம்பி, இது பறவை வீடியோவா, வால் வீடியோவா?" சிரித்தேன், அப்புறம் வெட்கமாகவும் இருந்தது. கூட்டமாக நீர்க்காகம் இருந்த ஒரு மரத்துக்குக் கிட்டப் போகும்போது, அவை எழும்பிப் பறந்தால் படம் வடிவாக இருக்கும் என்று எஞ்சினை முறுக்கச் சொன்னவனே நான்தான்.

அதனால் இன்றைக்கு எஞ்சின் இல்லை. ஒரு தோணி, ஒரு நீளக் கம்பு, ஒரு மாமா. முகத்தைக் காட்டாதே என்று சொல்லிவிட்டார், ஆகவே அவருடைய கையும் கம்பும்தான் உங்களுக்குத் தெரியும். இந்த ஆற்றில் நண்டும் இறாலும் பிடித்தே வளர்ந்த மனிதர். வெளியூர்ப் பார்வையாளர்களுக்கு ஒரு விளக்கம்: ஆறு என்று நாங்கள் சொல்வது மட்டக்களப்பு வாவியைத்தான். புத்தகத்தில் வாவி, களப்பு. எங்கள் வாயில் ஆறு. ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு சேர்கிற இடம் இரண்டு. ஒன்று அந்தத் தெற்கில் கல்லாற்றுப் பக்கம், மற்றது இங்கே, இந்த முகத்துவாரம்.

சரி, ஏறிவிட்டேன். தோணி ஆடுகிறது. மாமா முதல் சொன்ன பாடம் இதுதான்: "மனே, நிக்காத. குந்து." நின்றால் பறவைக்கு நாம் மனிதன். குந்தியிருந்தால் தண்ணீரில் மிதக்கிற ஏதோ ஒரு கட்டை. இரண்டாவது பாடத்தை நானே சொல்கிறேன். இந்த வாவிக்குக் கிழக்கே இருக்கிற கரைக்கு எழுவான்கரை என்று பெயர், சூரியன் எழுகிற பக்கம். மேற்குக் கரை படுவான்கரை, சூரியன் படுகிற பக்கம். சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிற பெயர்கள்தான். ஆனால் கமரா பிடிக்கிறவனுக்கு அதில் ஒரு பாடமே இருக்கிறது: காலையில் எழுவான்கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரு. வெளிச்சம் உன் தோளுக்கு மேலால் போய்ப் பறவையின் நெஞ்சில் விழும். போன தடவை நான் நேர்மாறாகச் செய்தேன். வாலாவது நிறத்தோடு வந்திருக்கலாம், அதுவும் கறுப்பாகத்தான் வந்தது.

பாருங்கள், இன்னும் கண்டலுக்குள், அதாவது உப்புத் தண்ணீரில் வளர்கிற மரக்காட்டுக்குள், போகவே இல்லை, அதற்குள் முதலாவது ஆள். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கிறதே, கறுப்பும் வெள்ளையுமாக, அதுவும் மீன்கொத்திதான். கரண்ட் கம்பியில் இருக்கிற நீலச் சிறகுக்காரரை எல்லோருக்கும் தெரியும். அவர் உட்கார்ந்து வேட்டையாடுகிறவர். இவர் கிளை தேட மாட்டார். அந்தரத்திலேயே நின்று, தலையைக் கீழே குத்திப் பார்த்து... விழுந்தார்! கிடைக்கவில்லை. திரும்ப மேலே போகிறார். பரவாயில்லை, எனக்கும் போகஸ் கிடைக்கவில்லை.

இப்போது வாய்க்கால் மாதிரி ஒரு ஒடுக்கமான வழிக்குள் கிறுகிவிட்டோம். இரண்டு பக்கமும் கண்டல். காற்று நின்றுவிட்டது, நுளம்பு வந்துவிட்டது. இந்த வேர்களைப் பாருங்கள். மரம் சேற்றில் இறங்கப் பயந்து ஊன்றுகோல் ஊன்றி நிற்கிறது போல வளைந்து வளைந்து இறங்கியிருக்கிறதே, இதுதான் கண்டல். அதற்குப் பின்னால் சேற்றிலிருந்து பென்சிலைக் குத்தி வைத்தது மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருப்பது கண்ணா மரத்தின் வேர். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் வேர் மூச்சு விட வெளியே வருகிறது. கண்ணா இலையைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். நான் வைக்கிறேன்... உப்பு. தண்ணீரோடு குடித்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது.

ஆனால் எல்லா இலையையும் இப்படி நக்கிப் பார்க்க வேண்டாம். மாமா இப்போதுதான் என் கையைத் தட்டிவிட்டார். அந்தப் பக்கம் நிற்பது தில்லை. கிளையை ஒடித்தால் பால் வரும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பேர் வந்தது இந்த மரத்தால்தான் என்று சொல்வார்கள். கும்பிட வேண்டிய மரம், ஆனால் தள்ளி நின்று கும்பிட வேண்டிய மரம்.

இதோ தொங்குகிறதே, முருங்கைக்காய் மாதிரி நீளமாக, இது கண்டலின் காய் இல்லை. கன்று. விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, இப்படி நீண்டு, பிறகுதான் விழும். சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய் வேறெங்காவது கரை சேரும். பிள்ளையை வளர்த்து, நடக்கப் பழக்கி, அப்புறம் வெளியூருக்கு அனுப்புகிற தாய். 2004 சுனாமி இந்தப் பாலமீன்மடு, நாவலடி, டச்பார் பக்கம் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும், அதைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. அதற்குப் பிறகுதான் கண்டல் என்றால் விறகு என்று மட்டும் நினைத்த பலர் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பொறுங்கள். பொறுங்கள். மாமா கம்பை நிறுத்திவிட்டார்.

"மனே, அந்த வேருக்கு அள்ளையில பார்."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேர், சேறு, காய்ந்த இலை. உங்களுக்குத் தெரிகிறதா? நான் ஸூம் பண்ணுகிறேன். இன்னும். இப்போது? அந்த மண்ணிறக் கோடுகள் இலையில்லை, கழுத்து. குருட்டுக்கொக்கு! நாங்கள் இருக்கிற இடத்திலிருந்து ஐந்து மீற்றர் கூட இராது. ஆள் கிட்டப் போகும் வரைக்கும் அசையாமல் நிற்பதால்தான் இதற்குக் கண் தெரியாது என்று இந்தப் பெயரை வைத்தார்கள். உண்மையில் கண் தெரியாதது நமக்கு. அது நம்மை அந்த மூலையில் கிறுகும்போதே பார்த்திருக்கும். பறந்தால்தான் இதன் வேடம் கலையும். மண்ணிறத்துக்குள் ஒளித்து வைத்த வெள்ளைச் சிறகு பளிச்சென்று விரியும், ஒரு கணம் வேறு பறவையோ என்று நினைப்பீர்கள். ஆனால் இன்றைக்கு அதைப் பறக்கவிட மாட்டேன். வாய் மூடுகிறேன்.

...

மூன்று நிமிடம் ஆகிவிட்டது. கழுத்து ஒரு விரல் அளவு நீண்டது. அவ்வளவுதான். பிறகு ஒரு குத்து. சின்ன நண்டு. விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரித் திரும்ப வேராக மாறிவிட்டது. மாமா தோணியைப் பின்னுக்குத் தள்ளுகிறார். முன்னுக்குப் போனால் அது எழும்பும், அதனால் வந்த வழியே பின்வாங்கி மறுபக்கத்தால் போகிறோம். நேராகப் பறவையை நோக்கிப் போகாமல், அதைக் கவனிக்காதவன் மாதிரிச் சாய்வாகப் போக வேண்டுமாம். கடன் கொடுத்தவரை றோட்டில் கண்டால் நாம் போகிறது மாதிரி.

வாய்க்கால் கொஞ்சம் அகன்றுவிட்டது. அங்கே வெள்ளை அடித்தது போல ஒரு மரம் தெரிகிறதே, அடித்தது சுண்ணாம்பு இல்லை, எச்சம். மேலே நீர்க்காகங்கள். சிறகை விரித்துக்கொண்டு நிற்கின்றன. வாத்து மாதிரி இதன் இறகு தண்ணீரை முழுக்கத் தள்ளாது, நனையும். நனைந்தால் உடம்பு பாரமாகும், முக்குளிக்க அது வசதி. ஆனால் வெளியே வந்த பிறகு உடுப்புக் காயப்போட வேண்டும். அந்தக் கரையில் தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் வளைந்து போகிறது, பாம்பு இல்லை, பாம்புத்தாரா. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். நான் போன வீடியோவில் சொன்னேன்.

வெள்ளைக் கொக்குகள் பற்றி ஒரே ஒரு விஷயம்: காலைப் பாருங்கள். கால் கறுப்பாக, பாதம் மட்டும் மஞ்சளாக, மஞ்சள் சொக்ஸ் போட்டது மாதிரி இருந்தால் சின்ன வெள்ளைக் கொக்கு. அந்தப் பாதத்தால் சேற்றைக் கலக்கி மீனை வெளியே எழுப்பும். மற்றக் கொக்குகளைப் பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் புத்தகம் வேண்டும்.

ஐயோ, அங்கே! தண்ணீரில் நீந்துகிறது, நீளமாக... நான் இப்போது முதலை என்று கத்தப் பார்த்தேன். மாமா சிரிக்கிறார். கபரகொய்யா, தண்ணீரில் திரிகிற பெரிய உடும்பு. தலையைத் தூக்கிக்கொண்டு, உடம்பை இடமும் வலமுமாக நெளித்து நீந்துகிறது, நாக்கு பிளந்து பிளந்து வெளியே வருகிறது. முதலைக்கு நாக்கை இப்படி நீட்டத் தெரியாது. அது வந்தால் கண்ணும் மூக்கும்தான் மேலே தெரியும், அலையே இருக்காது. கபரகொய்யா நண்டு, முட்டை, செத்த மீன், எது கிடைத்தாலும் தின்னும். இந்த ஆற்றில் கழிவை அள்ளுகிற ஆள் அதுதான், சம்பளமும் கேட்பதில்லை.

முதலை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்தச் சேற்றுக் கரையில் ஒரு அகலத் தடம் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது, நடுவில் வால் இழுபட்ட கோடு. புதுசு. இதைக் காட்டிவிட்டு மாமா என் கையைத் தோணிக்குள் எடுக்கச் சொன்னார். நான் இரண்டாவது தடவை சொல்ல வைக்கவில்லை. முதலை பார்க்க வேண்டும் என்றே வந்தவர்களுக்கு: தடம்தான் இன்றைக்குக் கிடைத்தது, மன்னியுங்கள்.

மேலே ஒருவர் சுற்றுகிறார். செம்மண் நிற உடம்பு, வெள்ளைத் தலை. கருடன். மாமா கம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். இவர் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே மிதக்கிற மீனை அள்ளிக்கொண்டு போகிறவர். இவரை விடப் பெரிதாக, வயிறு முழுக்க வெள்ளையாக, சிறகை மேலே தூக்கிப் பிடித்தபடி மிதந்தால் அது கடற்கழுகு. இன்றைக்குக் காணவில்லை.

திரும்பி வரும் வழியில் சேற்றுத் திட்டில் உள்ளான்கள். வாலை ஆட்டி ஆட்டி நடக்கிறதே, அது வடக்கே குளிர் நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு மாரிக்கு இங்கே வந்த விருந்தாளி. சித்திரை கழிந்தால் இந்தத் திட்டு வெறுமையாகிவிடும். ஆகவே பறவைக்காக வருகிறவர்கள் தைக்கும் பங்குனிக்கும் இடையில் வாருங்கள். கார்த்திகை, மார்கழி வேண்டாம், மழை, வெள்ளம், முகத்துவாரத்தில் இழுவை. கூடுகட்டுவதைப் பார்க்க ஆசையென்றால் அம்பாறைப் பக்கம் இறங்கிக் குமணைக்குப் போங்கள், 1938இலேயே பறவைச் சரணாலயமாக்கிய இடம், மே முதல் ஜூலை வரை நல்ல காலம். போகிற வழியில் பொத்துவில் களப்பு இருக்கிறது. அங்கே மீனவர்கள் எஞ்சின் இல்லாமல் தோணியில் கண்டலுக்குள் கூட்டிப்போகிறார்கள், பின்னேரத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் கரையில் யானை நிற்கும். அது தனி வீடியோ.

சிவப்பு ரீசேட் போடாதீர்கள். போனை மட்டும் நம்பி வராதீர்கள், ஒரு சின்ன தொலைநோக்கி எடுத்து வாருங்கள், கடன் வாங்கியாவது. போட்டுக்காரரிடம் விலையை மட்டும் பேசாமல் எஞ்சினை எங்கே நிறுத்துவார் என்றும் பேசிக்கொள்ளுங்கள். கேட்டால் பெரும்பாலும் நிறுத்துவார்கள். நாம்தான் கேட்பதில்லை.

கரைக்கு வந்துவிட்டோம். பிளேன்ரீ கொதிக்கிறது. என்ன எடுத்தாய், காட்டு என்று மாமா கேட்டார். குருட்டுக்கொக்கைப் போட்டுக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். இன்னொரு நிமிடம் பார்த்தார். பிறகு கமராவைத் திருப்பித் தந்துவிட்டு, "மனே, இது வீடியோவா, போட்டோவா?" என்றார்.

அந்த மூன்று நிமிடத்தையும் வெட்டாமல் அப்படியே கீழே போடுகிறேன். நண்டு கடைசியில்தான் வரும்.