ரட்சனோக்கின் மணிக்கட்டு: 18 வயதில் உலகப் பட்டம் தந்தது, ஒலிம்பிக்கில் கைகொடுக்காதது

[திரை: குவாங்சோ, சீனா. 11 ஆகஸ்ட் 2013. உலக பேட்மிண்டன் போட்டி, மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டம்.]

குரல்: வலைக்கு அந்தப் பக்கம் லீ ஷுவேரூயி. லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, அரங்கம் முழுக்க அவருடைய ஊர்க்காரர்கள். இந்தப் பக்கம் தாய்லாந்தின் ரட்சனோக் இன்டனோன். வயது 18 வருடம், 6 மாதம், 6 நாள். 22-20, 18-21, 21-14. ஆட்டம் முடிந்தபோது பேட்மிண்டன் ஒற்றையரில் அவரைவிட இளைய உலக சாம்பியன் வரலாற்றில் கிடையாது. தாய்லாந்துக்கு அதுதான் முதல் உலகப் பட்டம்.

இந்த வீடியோவில் இரண்டு கேள்விகள். 18 வயதில் ஜெயிக்கவைத்த அந்த ஆட்டம் எதனால் ஆனது? அதே ஆட்டத்தோடு நான்கு ஒலிம்பிக் போயும் ஒரு பதக்கம்கூட ஏன் வரவில்லை?

[திரை: பாங்காக். பாகு கொதிக்கும் பெரிய வாணலி. முட்டை மஞ்சள் கருவில் செய்த இனிப்பு.]

குரல்: முதலில் ஒரு இனிப்பு. முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் துளித்துளியாக விட்டு எடுப்பார்கள். பெயர் தோங்யோட், அதாவது தங்கத் துளி. ரட்சனோக் பிறந்தது 5 பிப்ரவரி 1995, வடகிழக்கே யசோதோன் மாகாணத்தில். பெற்றோர் பாங்காக்கில் இந்த வகை இனிப்புகள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்த்தார்கள். கொதிக்கிற பாகுக்கு நடுவே குழந்தைகள் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். முதலாளி கமலா தோங்கோர்ன் ஒரு பேட்மிண்டன் பள்ளியும் நடத்திவந்தார். பெயர் பான் தோங்யோட், தங்கத் துளி வீடு. வேலையாட்களின் பிள்ளைகளை வாணலிப் பக்கமிருந்து கிளப்பி மைதானத்தில் விட்டார். ரட்சனோக்கின் கையில் மட்டை வந்தது அப்படித்தான். செல்லப் பெயர் 'மே'.

இதை ஏழைப் பெண்ணின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். முக்கியமான விஷயம் அதில் நழுவிவிடுகிறது. அந்தப் பள்ளிக்குச் சீனாவிலிருந்து ஷே ஜிஹுவா என்ற பயிற்சியாளர் வந்தார். ஆக, ஆறேழு வயதுக் குழந்தைக்கு வீட்டு வாசலிலேயே மைதானம், முழுநேரப் பயிற்சியாளர், கூட ஆட மூத்த பிள்ளைகள், மூன்றும் கிடைத்தன. அதே பள்ளியிலிருந்துதான் பின்னால் குன்லவுட் விதித்சார்னும் வந்தார். 2023 ஆண்கள் ஒற்றையர் உலக சாம்பியன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. ஒரே வாசலிலிருந்து இத்தனை பேர் வருவதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

[திரை: 2009, 2010, 2011]

குரல்: உலக ஜூனியர் போட்டி 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. 2009இல் மலேசியாவின் அலோர் ஸ்டாரில் அதை ஜெயித்தபோது ரட்சனோக்குக்கு 14 வயது. பதினெட்டு வயதுப் பெண்களோடு ஆடித்தான் ஜெயித்தார். அடுத்த இரண்டு வருடமும் அவரேதான். ஒற்றையரில் மூன்று முறை உலக ஜூனியர் பட்டம் வாங்கிய முதல் ஆள்.

இங்கே கொஞ்சம் யோசியுங்கள். 14 வயது உடம்பால் 18 வயது உடம்பை ஸ்மாஷ் அடித்து, அதாவது மேலிருந்து ஓங்கிக் கீழே அறைந்து, வீழ்த்த முடியாது. அப்படியானால் எதை வைத்து ஜெயித்தார்?

[திரை: மைதானத்தின் வரைபடம். நீளம் 13.40 மீட்டர், ஒற்றையர் அகலம் 5.18 மீட்டர்.]

குரல்: ஒற்றையரில் ஒருவர் காக்க வேண்டிய பாதி 6.70 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். நடுவில் நின்றால் எந்த மூலைக்கும் இரண்டு மூன்று எட்டு வைத்தால் போதும். சரியான நேரத்தில் கிளம்பினால் நல்ல ஆட்டக்காரருக்கு எட்டாத மூலை கிடையாது. அந்த நேரத்தைத் தருவது ஒரு சின்னத் துள்ளல். எதிராளியின் மட்டை ஷட்டிலைத் தொடும் கணத்தில் இரண்டு பாதமும் லேசாக எழும்பி இறங்கும். ஸ்பிளிட் ஸ்டெப் என்பார்கள். இறங்கும்போதே எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கால் முடிவு செய்துவிடும்.

ரட்சனோக் திருடுவது அந்த முடிவைத்தான். கால் தரையில் அழுந்தும்வரை அவர் மட்டை எதையும் காட்டிக்கொடுக்காது. அழுந்திய பிறகு ஷட்டில் வேறு பக்கம் போகும். தவறான காலில் எடை ஏறிவிட்டால் திரும்ப அரை நொடி ஆகும், அதற்குள் ஷட்டில் தரையில்.

[திரை: ஷட்டிலின் நெருக்கக் காட்சி. இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருப்பது தெரிகிறது.]

குரல்: அதற்கு அவர் அதிகம் நம்புவது ஸ்லைஸ். ஷட்டிலில் 16 இறகுகள், மொத்த எடை 4.74 முதல் 5.50 கிராம். மட்டையின் முகத்தால் நேராக அடிக்காமல், ஷட்டிலின் தலையான கார்க்கின் ஓரத்தைச் சீவினால், கை வீசிய வேகத்தில் ஒரு பங்குதான் ஷட்டிலுக்குப் போகும். பார்ப்பவருக்குக் கை ஸ்மாஷ் வேகத்தில் வருகிறது, ஷட்டிலோ வலையைத் தாண்டியதும் விழுந்துவிடுகிறது.

வலக்கை ஆட்டக்காரருக்கு இதில் இரண்டு வகை. வலது பின்மூலையிலிருந்து கார்க்கின் வெளிப்பக்கத்தைச் சீவினால் ஷட்டில் குறுக்கே எதிராளியின் முன்பக்க வலது மூலைக்குப் போகும். இடது பின்மூலையில், மட்டையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து, உள்பக்கத்தைச் சீவுவது ரிவர்ஸ் ஸ்லைஸ். இது எதிராளியின் பேக்ஹேண்ட் முன்மூலையில், அதாவது அவருடைய இடது பக்கம், விழும். இறகுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து ஒட்டப்பட்டிருப்பதால் ஷட்டில் இயல்பாகவே ஒரு பக்கமாகச் சுழலும். அதனால்தான் ஒரே ஆள் ஒரே வேகத்தில் அடித்தாலும் இந்த இரண்டு ஸ்லைஸும் ஒரே மாதிரி விழுவதில்லை. பயிற்சியில் தனித்தனியாகத்தான் பழக வேண்டும்.

பழக நினைப்பவர்களுக்கு வரிசை இதுதான். ஷட்டில் மேலே போனதும் பக்கவாட்டில் திரும்பி முழங்கையை உயர்த்துங்கள். கிளியர் (பின்கோடுவரை உயரத்தூக்கி அடிப்பது), ஸ்மாஷ், டிராப் (வலையோரம் மெதுவாக விழவைப்பது) மூன்றுக்கும் இதுவரை ஒரே தோற்றம் இருக்க வேண்டும். பிடி தளர்வாக இருக்கட்டும். தலைக்குச் சற்று முன்னால், கை எட்டுகிற உச்சத்தில் ஷட்டிலைச் சந்தியுங்கள். மட்டை முகத்தைக் கடைசியில் விரல்களால்தான் திருப்ப வேண்டும்.

பெரும்பாலானோர் செய்கிற தவறு, டிராப் போடப்போகிறோம் என்ற நினைப்பிலேயே கையை மெதுவாக்குவது. எதிராளி உடனே முன்னால் வந்துவிடுவார். இன்னொன்று, பிடியை முதலிலேயே இறுக்கிவிடுவது. மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், பிறகு விரலுக்கு வேலையே இல்லை. ஷட்டிலைத் தலைக்குப் பின்னால் விட்டுவிட்டு அடித்தால் அது உயரமாகக் கிளம்பும், எதிராளி வலையோரம் வந்து அடித்து முடித்துவிடுவார். ரொம்ப மெல்லியதாகச் சீவினால் மட்டையின் விளிம்புச் சட்டத்தில் பட்டு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டவர்களுக்குத் தெரியும்.

[திரை: 2013. பர்மிங்காம், டெல்லி, குவாங்சோ.]

குரல்: 2013 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதி. டென்மார்க்கின் அனுபவசாலி டினே பவுனிடம் 14-21, 21-16, 10-21 என்று தோல்வி. ஏப்ரலில் இந்தியா ஓபன். இறுதியில் ஜெர்மனியின் ஜூலியான் ஷெங்கை 22-20, 21-14 என வென்று முதல் சூப்பர் சீரிஸ் பட்டம், அன்றைய உயர்மட்டச் சர்வதேசத் தொடர் அது. ஆகஸ்டில் குவாங்சோ. அங்கே அரையிறுதியில் எதிரே நின்றவர் நம் பி.வி. சிந்து. 21-10, 21-13. சிந்து அன்று வெண்கலத்தோடு திரும்பினார், உலகப் போட்டியில் இந்தியப் பெண் ஒருவர் ஒற்றையரில் வாங்கிய முதல் பதக்கம் அதுதான். சிந்துவின் உயரமும் வீச்சும் அந்த ஆட்டத்தில் பயன்படவே இல்லை. கீழே விழுகிற ஷட்டிலுக்குக் குனிந்துகொண்டே இருந்தால் உயரம் சுமைதான்.

2016இல் இன்னொரு உச்சம். மார்ச் கடைசி வாரம் தொடங்கி இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் என்று மூன்று வாரம், மூன்று பட்டம். இறுதிகளில் முறையே லீ ஷுவேரூயி, தைவானின் டாய் சூ யிங், சீனாவின் சன் யூ ஆகியோரை வென்றார். தரவரிசைக் கணக்கு இப்படி: கடைசி 52 வாரத்தில் ஒருவர் ஆடியவற்றில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகள் மட்டும் கூட்டப்படும். அப்போது சூப்பர் சீரிஸ் பட்டத்துக்கு 9,200, அதிலேயே மேல்நிலையான பிரீமியர் வகைக்கு 11,000. மலேசியா பிரீமியர். ஆக மூன்று வாரத்தில் 29,400 புள்ளி. ஏப்ரல் 21 அன்று உலகின் முதலிடம், அதுவும் தாய்லாந்துக்கு முதல் முறை.

[திரை: லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ்]

குரல்: இப்போது இரண்டாவது கேள்வி. லண்டன் 2012, காலிறுதி: சீனாவின் வாங் ஷின்னிடம் முதல் கேமை 21-17 என்று ஜெயித்துவிட்டு 18-21, 14-21 என்று தோற்றார். இதே வாங் ஷின் வெண்கல ஆட்டத்தில் முழங்கால் காயத்தால் பாதியில் விலக, பதக்கம் சாய்னா நேவாலுக்குப் போனது. ரியோ 2016: தாய்லாந்தின் கொடியை ஏந்திப்போனவர் ரட்சனோக். கடைசி 16 பேர் சுற்றில் ஜப்பானின் அகானே யமகுச்சியிடம் தோல்வி. பாரிஸ் 2024: காலிறுதியில் இந்தோனேசியாவின் கிரிகோரியா மரிஸ்கா துன்ஜுங்கிடம் 23-25, 9-21.

டோக்கியோ காலிறுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். டாய் சூ யிங்கோடு 21-14, 18-21, 18-21. கூட்டிப் பாருங்கள். ரட்சனோக் எடுத்தது 57 புள்ளி, டாய் எடுத்தது 56. அதிகப் புள்ளி எடுத்தவர் வீட்டுக்குப் போனார்!

இதை மனவலிமைக் குறைவு என்று சொல்வது சுலபம். ஆட்டத்தின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. சீவி அடிக்கிற ஷாட் வலைக்கு மேல் சில சென்டிமீட்டரில் போக வேண்டும். பெரிய அரங்குகளில் ஏசி காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். காற்று முகத்தில் அடித்தால் அதே டிராப் வலையில் விழும், முதுகில் தள்ளினால் மிதந்து போய் எதிராளிக்கு விருந்தாகும். ஒவ்வொரு கேமுக்கும் பக்கம் மாறுகிறது, மூன்றாவது கேமில் ஒருவர் 11 எடுத்ததும் மறுபடி மாறுகிறது. மாறும் ஒவ்வொரு முறையும் விரல் புதிதாக அளவு எடுக்க வேண்டும். எடுத்து முடிப்பதற்குள் நாலைந்து புள்ளி போய்விடும். பாதுகாப்பாக உயரத்தூக்கி நீண்ட ரேலி, அதாவது ஒரே புள்ளிக்கு மாறிமாறி அடித்துக்கொண்டே, ஆடுகிறவருக்கு இந்தச் செலவு குறைவு.

இன்னொன்றும் உண்டு. ஏமாற்று ஆட்டம் அரை நொடி தாமதித்து அடிப்பதில் இருக்கிறது. தாமதிக்க வேண்டுமென்றால் ஷட்டிலுக்குக் கீழே முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். மூன்றாவது கேமில் கால் களைத்து, ஷட்டில் வந்த பிறகுதான் போய்ச் சேர முடிகிறது என்றால் மணிக்கட்டில் எத்தனை வித்தை இருந்தும் காட்ட நேரம் இருக்காது. டாய் சூ யிங்கும் இதே வகை ஆட்டக்காரர்தான் என்பதால் டோக்கியோவில் இருவரும் ஒரே செலவைச் செய்தார்கள். கடைசி இரண்டு கேமும் மூன்றே புள்ளி வித்தியாசத்தில் டாய் பக்கம் போயின.

[திரை: ஸ்போகேன் 2023, குவஹாத்தி 2025]

குரல்: தாய்லாந்தின் அடுத்த வரிசை தயார். 2023இல் அமெரிக்காவின் ஸ்போகேனில் பிட்சமோன் ஒபட்னிபுத் உலக ஜூனியர் பட்டம் வாங்கினார். 2025இல் அசாமின் குவஹாத்தியில் அன்யபட் பிச்சித்பிரீச்சாசக். இறுதியில் அவர் வென்றது இந்தியாவின் தன்வி சர்மாவை, 15-7, 15-12.

ஸ்கோரைக் கவனித்தீர்களா? அந்தப் போட்டியில் 21க்குப் பதிலாக 15 புள்ளி முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். கேம் சுருங்கினால் கால் களைப்பது குறையும், அது ரட்சனோக் வகை ஆட்டத்துக்கு லாபம். ஆனால் பக்கம் மாறியதும் அளவு எடுக்க நாலு புள்ளி செலவழித்தால், 15இல் அது கால் பங்குக்கும் மேல்.