டோலும் டிரம் மெஷினும்: பிரிட்டிஷ் பாங்ரா ஒட்டுற இடம்

[ஒலி: டோல் மட்டும், நாலு சுற்று]

இப்ப டோல்ல, அதாவது பஞ்சாபோட ரெண்டு முக மேளத்துல, கேட்டது 'சால்'. பாங்ராங்கிற பஞ்சாபி ஆட்டத்தோட அடிப்படை அடி. பஞ்சாபிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபோனவங்க இதையும் கையோட கொண்டுபோனாங்க. 1977-ல் லண்டன் சவுத்தாலில் உருவான அலாப் போன்ற குழுக்கள் டோலுக்குப் பக்கத்துல சிந்தசைசரை, அதாவது மின்னணு கீபோர்டைக் கொண்டுவந்து வச்சாங்க. பர்மிங்காமில் ஜமைக்கா இசையான ரெகேயும், அதோட மின்னணு வடிவமான ராகாவும் (ragga) வந்து கலந்துச்சு. வரலாறு இந்த வீடியோவுக்கு இவ்வளவு போதும். டோலும், மின்னணுவா தாளம் போடுற டிரம் மெஷினும் எந்த இடத்துல ஒட்டுது, எங்க பிய்யுதுன்னு பார்ப்போம்.

[திரை: எட்டுக் கட்டங்கள், 'தா' சிவப்பு, 'னா' மஞ்சள்]

தா னா னா னா, னா தா தா னா.

நாலு எண்ணிக்கைக்கு எட்டு அடி. 'தா'ன்னா ரெண்டு கையும் சேர்ந்து விழும்: 'டக்கா'ங்கிற வளைஞ்ச தடிக்குச்சி கனத்த தோல்ல, 'தில்லி'ங்கிற மெல்லிய பிரம்பு மறுபக்கத்துல. 'னா' வெறும் பிரம்பு. அப்போ கனத்த ஓசை 1, 6, 7-வது அடியில மட்டும்தான். ஐந்தாவது அடியைப் பாருங்க. மூணாவது எண்ணிக்கை அங்கதான் விழுது, ஆனா டக்கா பேசாது. அந்தச் சின்னப் பள்ளத்துலதான் ஆடுறவங்க தோள் மேல எழும்புது.

நடன இசைப் பழக்கத்துல ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் மெஷின்ல ஒரு கிக், அதாவது கனத்த டிரம் அடி, போட்டா, அந்தப் பள்ளம் மூடிடும். சத்தம் பெருசாகும், ஆட்டம் செத்துடும். அதனால கிக்கை 1-லயும் 7-லயும் மட்டும் வைங்க. 6-வதை டோலுக்கு விட்டுடுங்க.

[ஒலி: முதல்ல நேர் அடி, பிறகு சாய்ந்த அடி]

அடுத்தது சாய்வு. நிறையப் பேர் கோட்டை விடுற இடம் இதுதான். வேகம் நிமிஷத்துக்கு 100 எண்ணிக்கைன்னு வைங்க. ஒரு எண்ணிக்கை 600 மில்லிசெகண்ட். மெஷின் அதை 300, 300-ன்னு சரிபாதியா வெட்டும். டோல்காரர் வெட்டமாட்டார், முதல் அடி நீளம், ரெண்டாவது குறுகல். முழுசா சாய்ச்சா 400, 200. அதாவது ரெண்டாவது அடி 100 மில்லிசெகண்ட் தள்ளி வருது. மெஷின் நேராவே போனா, ஒவ்வொரு எண்ணிக்கையிலயும் ரெண்டும் இடிச்சுக்கும். டோலைக் கணினியில இழுத்து நேராக்கினா இடிக்காது, ஆனா அது சால் இல்லை.

முதல்ல டோலைப் பதிவு பண்ணுங்க. மெஷினோட ஸ்விங்கை, அதாவது ஒரு எண்ணிக்கையில முதல் அடிக்குப் போற பங்கை, 58 சதவீதத்துல ஆரம்பிச்சு, மெஷினோட ஹைஹேட்டும் (சின்னத் தாளத்தட்டு ஓசை) டோலோட பிரம்பும் ஒரே சத்தமா கேட்கிற வரைக்கும் ஏத்துங்க. முழுச் சாய்வு கிட்டத்தட்ட 67. வளைய வேண்டியது மெஷின்தான். இதுல நாங்க சமரசம் பண்றதே இல்லை.

[திரை: டோலின் இரு முகத்துக்கும் எதிரே மைக்]

டோலுக்கு ரெண்டு மைக் வேணும். ஒரு தோல் உள்ளே போகும்போது மறு தோல் வெளியே தள்ளும். அதனால ரெண்டு பதிவையும் சேர்த்தா அடிக்கனம் கரைஞ்சுபோகும். ஒண்ணோட போலாரிட்டியை, அதாவது ஒலி அலையோட மேல்-கீழ் திசையை, திருப்பிப் போட்டுக் கேளுங்க, கனம் திரும்பி வரும்.

[ஒலி: தும்பி]

தும்பிங்கிறது மீட்டி வாசிக்கிற பஞ்சாபி நரம்புக் கருவி. அதுக்கு ஒரே கம்பி. ரொம்ப முறுக்கினா அறுந்துடும், தளர்த்தினா உளறும். அதனால பாட்டோட சுருதியைக் கீபோர்டுல முடிவு பண்ணாதீங்க. பாடகர் குரலும் தும்பியும் சேருற இடத்துல பண்ணுங்க. கார்டுகளையும் (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) அடிக்கடி மாத்தாதீங்க, ஆதார சுருதி காலடியிலிருந்து நழுவும். கோவென்ட்ரியின் பஞ்சாபி எம்சி 1998-ல் வெளியிட்ட 'முண்டியான் தோ பச் கே'யைக் கேளுங்க. அடியில ஒரே பேஸ் வரி, அதாவது தாழ்ந்த சுர வரிசை, சுத்திச் சுத்தி வருது. அது அசையாம நிற்கிறதாலதான் மேல தும்பி அவ்வளவு துள்ளுது.