கத்தரிக்கோல் ஒருவர் கையில்

எல்லாருக்கும் வணக்கம். நம் மாஷ், அதாவது வாத்தியார், என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி மிகை. நான் டைரக்டர் இல்லை, கேமராமேனும் இல்லை. சினிமா யூனிட்டுகளில் இருபத்தாறு வருடம் துணி தைத்தவன். பேட்டா வவுச்சரில் ‘காஸ்ட்யூம் அசிஸ்டெண்ட்’ என்று எழுதுவார்கள். கூப்பிடுவது ‘டைலரே’ என்றுதான். இந்த வாயனசாலையில், அதாவது நூலகத்தில், படம் போடுவதற்கு முன்னால் வழக்கமாகக் காலேஜ் ஆசிரியர்கள்தான் பேசுவார்கள். இந்த முறை என்னைப் பிடித்து இழுத்து வந்ததற்கு ஒரே காரணம், படத்தில் துணி நிறைய இருக்கிறது.

படம் 2000-ல் வந்த ‘இன் த மூட் ஃபார் லவ்’. டைரக்டர் வோங் கார்-வாய். கதையைச் சொல்லிவிடுகிறேன், அதனால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. 1962, ஹாங்காங். அடுத்தடுத்த போர்ஷன்களில் இரண்டு ஜோடிகள் குடிவருகிறார்கள். இந்த வீட்டு ஆம்பளைக்கும் அந்த வீட்டுப் பெண்ணுக்கும் தொடுப்பு. மீதி இரண்டு பேர், அதாவது டோனி லியுங்கும் மேகி சியுங்கும், அதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் தெரியுமா? இவர் போட்டிருக்கும் டை மாதிரியே அவள் புருஷனிடம் ஒன்று இருக்கிறது. அவள் கையில் இருக்கும் ஹேண்ட்பேக் மாதிரியே இவர் பெண்டாட்டியிடம் ஒன்று இருக்கிறது. ஒரு டை, ஒரு பை. சண்டையும் இல்லை, கடிதமும் இல்லை. ஒரு டைலர் இந்தப் படத்தை மதிக்க இது ஒன்றே போதும். துரோகம் செய்கிற அந்த இரண்டு பேரின் முகத்தை நமக்குக் காட்டவே மாட்டார்கள். முதுகு தெரியும், குரல் கேட்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. படத்தில் வீட்டு ஓனரம்மா பேசுவது ஷாங்காய் மொழி. மேகி சியுங் அவருக்குப் பதில் சொல்வது ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழியில். சப்டைட்டிலில் இந்த வித்தியாசம் தெரியாது. கேரள எல்லையில் இருக்கிற நம் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதும் இல்லை. ரேஷன் கடையில் கடைக்காரர்கள் மலையாளத்தில் கேட்கிறார்கள், நாம் தமிழில் சொல்கிறோம், அரிசி சரியாக வந்துவிடுகிறது. வோங் கார்-வாய் 1958-ல் ஷாங்காயில் பிறந்து, ஐந்து வயதில் ஹாங்காங்குக்கு வந்தவர். அவர் சின்ன வயதில் பார்த்த அக்கம்பக்கத்துக் குடித்தனங்கள்தான் இந்தப் படத்தில் வருகிற சனங்கள்.

ஆனால் அந்தத் தெருக்கள் படம் எடுக்கிற காலத்தில் ஹாங்காங்கில் மிஞ்சவில்லை. அதனால் பாங்காக்கின் பழைய சந்துகளுக்குப் போய் எடுத்தார்கள். நமக்கு இது புதுசா? பொள்ளாச்சி என்று கதையில் இருக்கும், வண்டி கொல்லங்கோட்டில் வந்து நிற்கும். நானே எத்தனை முறை அந்தப் பனைமரத்தடியில் அயர்ன் பாக்ஸுக்குக் கரி ஊதியிருக்கிறேன்.

சரி, நான் பேச வந்த ஆளுக்கு வருகிறேன். வில்லியம் சாங். டைட்டிலில் அவர் பெயரை மூன்று இடத்தில் தேடுங்கள்: ஆர்ட், காஸ்ட்யூம், எடிட்டிங். எங்கள் யூனிட்டில் ஆர்ட் டிபார்ட்மெண்டும் காஸ்ட்யூம் டிபார்ட்மெண்டும் பேசிக்கொள்வதே, “சுவருக்கு இந்தக் கலரை அடித்தால் என் புடவை எப்படித் தெரியும்?” என்று சண்டை போடும்போதுதான். எடிட்டரை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இங்கே சுவரை முடிவு செய்தவரே சட்டையையும் முடிவு செய்து, கடைசியில் பிலிமையும் வெட்டியிருக்கிறார். ஹோட்டல் காரிடாரில் சிவப்புத் திரைகள் ஆடும், மேகி சியுங் சிவப்புக் கோட்டில் நடந்து வருவாள். அந்தத் திரையையும் கோட்டையும் இரண்டு டிபார்ட்மெண்ட் சேர்ந்து முடிவு செய்திருந்தால் நிச்சயம் ஒன்று நீலமாகியிருக்கும்.

படத்தில் அவள் போட்டிருப்பது சியோங்சம் என்கிற சீனப் பெண்கள் உடை. கழுத்தை ஒட்டி நிற்கிற காலர், உடம்போடு போகிற வெட்டு, பக்கத்தில் பிளவு. அதைப் போட்டுக்கொண்டு எட்டி நடக்க முடியாது, தலையைத் தொங்கப்போட முடியாது. மனசுக்குள் இருப்பதை வெளியே விடாத பெண் அவள். அந்த நடிப்பில் காலருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

இருபதுக்கும் மேற்பட்ட சியோங்சம்கள் படத்தில் வருகின்றன. அழகு காட்டுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். ‘மறுநாள்’, ‘ஒரு மாதம் கழித்து’ என்று இந்தப் படம் பெரும்பாலும் சொல்லாது. அவள் கையில் தூக்கோடு படியிறங்கி நூடுல்ஸ் வாங்கப் போவாள். மறுபடி அதே படி, அதே விளக்கு, அதே தூக்கு. உடை மட்டும் வேறு. நாள் போய்விட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தைத்தவரே பிலிமையும் வெட்டினால்தான் இது நடக்கும்.

என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு காதல் படம், பெயர் வேண்டாம், வெளிவரவும் இல்லை. முதல் ஷெட்யூல் முடிந்து பணம் தீர்ந்துபோய், ஏழு மாதம் கழித்துத்தான் அடுத்த ஷெட்யூல். அதற்குள் காஸ்ட்யூம் டிரங்குப் பெட்டி மழையில் ஒழுகுகிற ஒரு கொட்டகையில் கிடந்து, கதாநாயகியின் கடுகுக் கலர் ரவிக்கை சாயம் போய்விட்டது. நான் கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதி முழுக்க அலைந்து அதே மாதிரி துணி வாங்கினேன். அந்தப் பெண் அதற்குள் இளைத்திருந்தது. கை அரை விரல் குட்டையாக அமைந்துவிட்டது. அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். எடுத்த பிலிமை, அதாவது ரஷ்ஷை, போட்டுப் பார்த்தால், கதவைத் திறந்து வெளியே வருகிறது ஒரு ரவிக்கை, திண்ணையில் இறங்குவது இன்னொன்று. எடிட்டர் சொல்லி அனுப்பினார்: “டைலரே, உங்க கதவு ஏழு மாசம் நீளம்.” அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டார்கள். ரொம்ப நாளைக்கு அந்தப் பேச்சு எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

பிறகு ஒருநாள் இந்தப் படத்தைப் பார்த்தேன். அதே தப்பை, அதாவது கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு உடை இந்தப்பக்கம் ஒரு உடை என்பதை, வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இவர்களும் பதினைந்து மாதம் இழுத்தார்கள். முழு ஸ்கிரிப்ட் கையில் இல்லாமல், எடுத்துப் பார்த்து மாற்றி மாற்றி எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கேமராமேன் கிறிஸ்டோபர் டாய்ல் நடுவில் விலகிப்போக, தைவான்காரர் மார்க் லீ பிங்-பிங் வந்து தொடர்ந்தார். எந்த ஷாட் யாருடையது? என்னால் ஒட்டுத் தையலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. டோனி லியுங்கும் மேகி சியுங்கும் சேர்ந்திருக்கும் படுக்கையறைக் காட்சி ஒன்றும் எடுக்கப்பட்டது, எடிட்டிங்கில் போய்விட்டது. படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் அந்த வயலின் இசைகூட இதற்காகப் போட்டதில்லை. ஷிகெரு உமெபயாஷி 1991-ல் ஒரு ஜப்பானியப் படத்துக்கு எழுதியது. பழைய துணிதான், ஆனால் அளவு அப்படியே பொருந்திவிட்டது.

கேன்ஸ் திரைப்பட விழாவில் டோனி லியுங்குக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததை எல்லாரும் சொல்வார்கள். அதே வருடம் அங்கே தொழில்நுட்பப் பரிசு டாய்ல், லீ, சாங் மூன்று பேருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஒரே பரிசு, மூன்று பேர். அதை எப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்களோ.

படம் 98 நிமிடம். வேலந்தாவளம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இப்போதே பின்வரிசைக்கு வந்து உட்காருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது எழுந்து திரையை மறைத்தால், போன முறை மாதிரி சும்மா இருக்கமாட்டேன். மாஷ், போடச் சொல்லுங்கள்.